சனிக்கிழமைக் கூழில் மீன் இல்லை

என் மனைவி யாழ்ப்பாண நகரத்துக்குள் ஆட்களை நடத்திக் கூட்டிக்கொண்டுபோய்ச் சாப்பிட வைக்கிறாள். காலை ஒன்பதரைக்கு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் தொடங்கிப் பெரியகடையைச் சுற்றி, சந்தைக்குள் நுழைந்து, நண்பகலளவில் ஒரு கூழ்க்கடையில் முடிகிற நடை. தூரம் இரண்டு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. மூன்று தடவை காலடி எண்ணிப் பார்த்தேன். மூன்றும் மூன்று கணக்காக வந்தபடியால் சரியான எண்ணிக்கையை எழுதாமல் விடுகிறேன்.

அவள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மனையியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள். நான் தபால் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்றவன். ஒவ்வொரு நாளும் கந்தோர் திறந்தவுடன் செய்கிற முதல் வேலை திகதி முத்திரையில் நாளை மாற்றுவது. மாற்றிய பிறகு கொப்பியில் ஒருமுறை குத்தி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, கையெழுத்து வைக்க வேண்டும். வேலை போனாலும் பழக்கம் போகவில்லை. உடுவிலில் எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு தட்டு முழுக்க என் நாட்குறிப்புகள். எந்த நாள் மழை பெய்தது, எந்த நாள் மின்சாரம் நின்றது, எந்த நாள் மனைவிக்கும் எனக்கும் என்ன விஷயத்தில் வாக்குவாதம் என்று எல்லாம் இருக்கும். கடைசி வகைப் பதிவுகளை அவள் வாசிப்பதில்லை. வாசித்தால் இரண்டாவது வாக்குவாதம் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

நடையைத் தொடங்கிய புதிதில் நானும் கூடவே போய்த் திருத்தம் சொன்னேன். ஒருமுறை அவள் ஒரு பலசரக்குக் கடையைக் காட்டி, இது இருநூறு வருஷத்துக் கடை என்றாள். நான் பின்னால் நின்றபடி, அதற்கு ஆதாரம் இல்லை, கட்டடம் பழையது, கடை எப்போது வந்தது என்று சொல்ல முடியாது என்றேன். வந்தவர்கள் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவள் கைப்பையைக் கதிரையில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

“இஞ்சேருங்கோ, என்னோடை வாறதெண்டால் நீங்கள் வாய் துறக்கக் கூடாது.”

“பிழை சொன்னால்?”

“வீட்டை வந்து சொல்லுங்கோ. அடுத்த முறை திருத்துறன்.”

“பிழை அங்கையெல்லோ நடக்குது?”

“நடக்கட்டும். இருநூறு வருஷம் பிழையெண்டு ரெண்டு மணித்தியாலம் பிந்திக் கேட்டால் ஆருக்கு என்ன நட்டம்?”

அன்றிலிருந்து நான் நடையின் வால். குடையும் தண்ணீர்ப் போத்தல்களும் என் பொறுப்பு. அதோடு ஒவ்வொரு இடத்திலும் அவள் கதைத்துக்கொண்டிருக்கும்போது நான் ஓர் இடம் முன்னால் போய், இன்னும் பத்து நிமிடத்தில் வருகிறோம் என்று அடுத்த கடைக்குச் சொல்லிவிட்டு வருவேன். ‘இருநூறு வருஷம்’ என்பது ‘பழைய கடை’ ஆகிவிட்டது. அதில் எனக்குத் திருப்தி.

ஆனால் ஆட்கள் போதவில்லை. ஓகஸ்ற் மாதத்திலும் டிசம்பரிலும் வெளிநாட்டில் இருந்து வருகிற தெரிந்தவர்களின் உறவினர்கள், நடுவில் யாரும் இல்லை. ஓய்வுபெற்ற முதல் வருடத்தில் அவள் எங்கள் குசினி அலுமாரிகளை நான்கு தடவை இறக்கித் துடைத்து அடுக்கினாள். நான்கும் என் குறிப்பில் உண்டு. நடை தொடங்கிய பிறகு ஒருமுறைகூட இறக்கவில்லை. கடந்த மே மாதம் கொழும்பில் உள்ள ஒரு சுற்றுலாக் கம்பனி எழுதியது. வடக்குக்கு வருகிற தங்கள் பயணிகளுக்கு யாழ்ப்பாண நகரத்தில் ஒரு சாப்பாட்டு உலா சேர்க்க இருக்கிறார்களாம். இரண்டைப் பார்த்து ஒன்றைத் தெரிவு செய்வார்களாம். மற்றது வான் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் ஒலிவாங்கியில் விளக்கம் சொல்கிற ஒருவருடையது.

கடிதத்தை மடித்துவிட்டு மனைவி சொன்னாள்:

“உவை எடுக்காட்டில் நான் நிப்பாட்டப் போறன். ஆளில்லாத நடைக்கு ஒவ்வொரு கடையா ஏறி இறங்கி, அண்ணை கெதியிலை ஆக்கள் வருவினம் எண்டு இன்னும் எத்தினை தரம் சொல்லுறது? எனக்கு வெக்கமாக் கிடக்கு.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அலுமாரிகளை நினைத்துக்கொண்டேன்.

நாளைத் தெரிவு செய்யும் வேலை எனக்கு வந்தது. ஜூன் மாதத்தில் ஒரு வார இறுதியைக் கம்பனி குறித்திருந்தது. அதில் எந்த நாள் என்பதை நாங்கள் சொல்ல வேண்டும். வெள்ளி ஆகாது. எங்களுடையது மிஷன் பள்ளிக்கூடத்தோடு வளர்ந்த தேவாலயக் குடும்பம் என்றாலும், வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்தில் பாதிச் சனம் மச்சம் தொடாது என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. மீனும் இறைச்சியும் எல்லாம் மச்சத்தில் அடக்கம். ஞாயிறு காலை எங்களுக்குத் தேவாலயம். தவிரவும் சுவரில் தொங்குகிற நாட்காட்டியில் அந்த ஞாயிற்றின் கட்டத்தில் கறுத்த வட்டம், அமாவாசை. தகப்பன் இறந்தவர்கள் விரதம் இருக்கும் நாள். சனிக்கிழமையின் கட்டம் துப்புரவாக இருந்தது. சனியைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் கீறினேன். மனைவி கூழ்க்கடைக்காரருக்குப் போன் எடுத்தாள்.

“தம்பி, வாற சனி நாலு பேருக்குக் கூழ். கொழும்பிலையிருந்து ஆள் வருது. வடிவாச் செய்து தாரும்.”

“ஓம் ரீச்சர், செய்யலாம்” என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

கூழ் எங்கள் நடையின் முடிவு மட்டுமல்ல, அதன் உயிரும் அதுதான். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவைக் கரைத்து, நண்டும் இறாலும் சின்ன மீனும் போட்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கை இலை, செத்தல் மிளகாய், பழப்புளி எல்லாம் சேர்த்துக் கொதிக்க வைத்து, சிரட்டையில் ஊற்றிச் சுடச்சுடக் குடிப்பது. இந்தக் கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். காங்கேசன்துறைப் பக்கத்துக் கடலோடிக் குடும்பம். போரால் தங்கள் கரையை விட்டு வெளியே இருந்த காலத்தில் நகரத்தில் இந்தக் கடையைப் போட்டார். பிறகு வீடு திரும்பக் கிடைத்தது, குடும்பம் திரும்பிப் போனது, கடை இங்கேயே நின்றுவிட்டது. அவர் விடியற்காலை வரும்போதே அங்கே கரைக்கு வந்த மீனோடு வருவார்.

சனிக்கிழமை வந்தது. சோளகக் காற்று வீதிப் புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. கம்பனியில் இருந்து நாற்பது வயதளவில் ஒரு பெண் அதிகாரி. கண்டியில் பிறந்து கொழும்பில் வேலை பார்ப்பவர். கையில் சின்னக் கொப்பி, நடக்கத் தோதான சப்பாத்து. தான் மட்டும் வந்தால் நடிப்பு மாதிரி இருக்கும், உண்மையான விருந்தாளி ஒருவரும் வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். அதற்குக் கிடைத்தவர் லண்டனில் இருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற பொறியியலாளர், எங்கள் அயலவரின் மைத்துனர். நல்ல உடம்பு, நல்ல குரல்.

முதலில் தேநீர்க்கடை. மனைவி இருவரையும் இருத்தி, ஒரு வாக்கியம் சொல்லித் திருப்பிச் சொல்ல வைத்தாள். “வாங்கிலை இருந்து பாணைத் தேத்தண்ணியிலை தோய்ச்சுச் சாப்பிடுறன்.” இருக்கிற வாங்கும் தின்கிற பாணும் போர்த்துக்கேயர் விட்டுவிட்டுப் போன சொற்கள், தேத்தண்ணியின் ‘தே’ ஒல்லாந்தரோடு வந்திருக்கலாம் என்றாள். ‘வந்திருக்கலாம்’ என்பது என் திருத்தம்.

“அப்ப இதிலை தமிழ் எங்கை கிடக்கு, ரீச்சர்?” என்று லண்டன்காரர் கேட்டார்.

“தோய்க்கிறது தமிழ்” என்றாள் மனைவி.

அதிகாரி சிரித்துக்கொண்டு கொப்பியில் எழுதினார். எழுதுவதைக் கண்டதும் எனக்கு நடை கொஞ்சம் இலேசானது.

அடுத்தது கஸ்தூரியார் வீதிக்குக் கிட்ட ஒரு வெதுப்பகம். அப்போதுதான் எடுத்த மட்டன் ரோல்ஸ். லண்டன்காரர் ஒன்றை முடித்து இரண்டாவதை எடுத்தார்.

“கூழுக்கு இடம் வையுங்கோ” என்றாள் மனைவி.

“ஹீத்ரோவிலையிருந்து இடம் வைச்சுக்கொண்டெல்லோ வாறன். பிளேனிலை தந்த சாப்பாட்டையும் பக்கத்துச் சீற்காரனுக்குக் குடுத்திட்டன்.”

பிறகு சந்தை. ஜூன் மாதம் என்றபடியால் வாசலில் இருந்தே கறுத்தக்கொழும்பான் மாம்பழ மணம். அதிகாரி ஒரு பழத்தை விரலால் அமத்திப் பார்த்தார். பழக்காரி கையைப் பிடிக்காத குறை.

“பிள்ளை, உது என்ன, கோலிங் பெல்லோ? அமத்தாதை. மூக்கை வைச்சுப் பார்.”

அதிகாரி அப்படியே மணந்து பார்த்தார். இரண்டு பழம் வாங்கினார். மனைவி சின்ன ஓலைப்பெட்டிகளில் வார்த்த பனங்கட்டிக் குட்டான்களைக் காட்டத் தொடங்கும்போது நான் வழமைபோல் நழுவிக் கூழ்க்கடைக்கு நடந்தேன். அப்போது பதினொன்று நாற்பது.

கடை வாசலில் கால் வைத்ததும் ஏதோ குறைவது தெரிந்தது. எது என்று உடனே பிடிபடவில்லை. முன்பக்கம் கழுவி ஈரமாக இருந்தது. மேசைகள் துடைத்திருந்தன. உள்ளே சாம்பிராணி மணத்தது. அப்போதுதான் விளங்கியது. மீன் மணம் இல்லை. கடைக்காரர் தலை முழுகி, நெற்றியில் திருநீறோடு குசினியில் இருந்து வந்தார்.

“வாங்கோ சேர். எல்லாம் ஆயத்தம்.”

“தம்பி, நண்டு?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் உடல்நலம் பற்றிய கவலை இருந்தது.

“இண்டைக்கு அமாவாசையெல்லோ, சேர்.”

“நாளைக்கெல்லோ அமாவாசை?”

“அது உங்கடை கலண்டரிலை. அது திருக்கணிதம். நாங்கள் வாக்கியம். எங்களுக்கு இண்டைக்கு.”

“ரீச்சர் போன் எடுக்கேக்கை ஓம் எண்டீரே?”

“கூழ் எண்டவா, ஓம் எண்டனான். கூழ் இருக்குத்தானே? மரக்கறி போட்டு வடிவா வைச்சிருக்கிறன். மச்சம் வேணுமெண்டு அவ சொல்லேல்லை. அமாவாசையிலை நான் மீன் சட்டி ஏத்தமாட்டன் எண்டு ஊருக்கே தெரியுமே.”

ஈரத் துவாயால் கையைத் துடைத்தபடி இன்னும் சொன்னார்:

“எங்கடை அப்பருக்கு மீன் இல்லாட்டில் சோறு தொண்டையாலை இறங்காது, சேர். உயிரோடை இருக்கேக்கை ஒருநாளும் வாழைக்காய் தொடாத மனுசன். இப்ப மாசத்திலை ஒருநாள் பிடிச்சு வைச்சு வாழைக்காய் குடுக்கிறன். தப்பி ஓட ஏலாது.”

சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் இரண்டு பஞ்சாங்கங்கள் உண்டு என்பதை அறியாதவன் அல்ல நான். வாக்கியம் என்பது வழிவழியாக வந்த கணக்கு. திருக்கணிதம் என்பது வானத்தைப் பார்த்துத் திருத்திய கணக்கு. இரண்டும் ஒரே சந்திரனைத்தான் கணிக்கின்றன, ஆனால் திதி தொடங்கும் நேரம் சில மணித்தியாலம் முன்பின்னாக வரும். அந்த வித்தியாசத்தால் சில மாதங்களில் விரதமே ஒரு நாள் முன்பின்னாக விழும். ஒரு கோயிலில் திருவிழா இன்றைக்கும் அடுத்த கோயிலில் நாளைக்குமாக வருவது இதனால்தான். இது பற்றி நூல்கள் வாசித்து, ஒரு கொப்பியில் நான்கு பக்கம் குறிப்பும் எழுதி வைத்திருக்கிறேன். இவ்வளவும் எழுதிய கைதான் சுவரில் இருந்த ஒரேயொரு நாட்காட்டியைப் பார்த்துச் சிவப்பு வட்டம் போட்டது. நீர் எந்தப் பஞ்சாங்கம் என்று அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

சந்தைக்குத் திரும்பி வந்தபோது லண்டன்காரர் அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியலை மென்றுகொண்டிருந்தார். மனைவியைத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டுச் சொன்னேன்.

அவள் கையில் இருந்த பனங்கட்டிக் குட்டானைக் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு கேட்டாள்:

“நாளை ஆர் பாத்தது?”

“நான்தான்.”

“சரி. இண்டைக்கு டயறியிலை அதையும் எழுதுங்கோ.”

“வேறை எங்கையும் நண்டுக் கூழ் கிடைக்குமோ எண்டு கேட்டுப் பாக்கட்டோ? ஓட்டோவிலை போனால்...”

“வேண்டாம். அந்தத் தம்பி தலை முழுகிச் சமைச்சு வைச்சிருக்கிறார். நாங்கள் வேறை கடைக்குப் போறதோ?”

போய் இருவரிடமும் நேரடியாகச் சொன்னாள். சனிக்கிழமைக் கூழில் மீன் இல்லை, நாள் பார்த்ததில் எங்கள் பக்கம் பிழை என்று. அதிகாரி கொப்பியை மூடினார். மூடியது எனக்குப் பிடிக்கவில்லை.

“மீன் இல்லாத கூழோ?” என்றார் லண்டன்காரர். “ரீச்சர், உது கூழில்லை. சாம்பாருக்குக் காய்ச்சல் வந்தமாதிரி ஒரு சாமான். உதுக்கே நான் பிளேன் ஏறினனான்?”

“குடிச்சிட்டுச் சொல்லுங்கோ” என்றாள் மனைவி.

கடையில் போய் இருந்தோம். ஆனால் கூழ் வரவில்லை. கடைக்காரர் வாழையிலைத் துண்டொன்றில் சோறும் கறிகளும் ஒரு வடையும் வைத்துப் பின்பக்க மதிலில் கொண்டுபோய் வைத்தார். காகம் எடுத்த பிறகுதான் மனிதருக்கு. கா, கா என்று கூப்பிட்டார். இரண்டு காகங்கள் தென்னையில் இருந்து பார்த்தன. வரவில்லை.

“உதுகள் சந்தையிலை மீன்குடல் திண்டு பழகின காகங்கள்” என்று கடைக்காரர் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். “வாழைக்காயைக் கண்டால் யோசிக்குங்கள்.”

“அப்பரைப்போலை” என்று சொல்லிவிட்டு நான் நாக்கைக் கடித்தேன். அவர் கோபிக்கவில்லை. “ஓம் சேர், அப்படியே அப்பர்தான்” என்றார்.

அதிகாரி மனைவியிடம் கேட்டார்: “மிஸ், ஒரே ஊர்ல ஒரு நாளுக்கு ரெண்டு கணக்கா? அப்ப எது சரி?”

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “இவர் சொல்லுவார்.”

அத்தனை மாதங்களுக்குப் பிறகு எனக்கு வாய் திறக்க அனுமதி. தொடங்கினேன். திதி என்றால் என்ன, சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையில் உள்ள தூரம் எப்படிக் கணக்கிடப்படுகிறது... இரண்டாவது பக்கத்துக்கு வரும்போது மனைவி கையை உயர்த்தினாள்.

“காணும். ரெண்டும் சரி. எந்த வீட்டிலை எது பாக்கினமோ அந்த வீட்டுக்கு அது சரி.”

அதுவரை கதிரையில் சாய்ந்திருந்த லண்டன்காரர் நிமிர்ந்தார்.

“தம்பி, எங்கடை வீடு எது பாத்தது எண்டு எனக்குத் தெரியாதே.”

“அப்பா இருக்கிறாரோ, அண்ணை?” என்று கடைக்காரர் கேட்டார்.

“இல்லை. மோசம் போய்க் கனகாலம்.”

லண்டன்காரர் கைத்தொலைபேசியை எடுத்தார். லண்டனில் இருக்கிற மூத்த சகோதரிக்கு. காதுக்கு வைத்துப் பார்த்துவிட்டு, காற்றில் கேட்கவில்லை என்று சத்தமாக வைத்தார். எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“அக்கா, நாங்கள் வாக்கியமோ திருக்கணிதமோ?”

“என்ன?”

“பஞ்சாங்கம். எங்கடை வீட்டிலை எது பாக்கிறது?”

“சனிக்கிழமை விடிய ஏழரைக்கு எழுப்பி இதையோ கேக்கிறாய்? குடிச்சிருக்கிறியோ?”

“சொல்லன் அக்கா.”

“வாக்கியம். எப்பவும் வாக்கியம்தான். ஏன்? ஆருக்கும் கலியாணமோ?”

“அப்ப இண்டைக்கு அமாவாசை.”

“ஓம். நான் நேத்தே மரக்கறி வாங்கி வைச்சிட்டன். நீ என்ன இப்ப புதுசாய்? அப்பா போனதிலையிருந்து ஒரு அமாவாசை பிடிச்சிருப்பியோ?”

“காலமை ரெண்டு மட்டன் ரோல்ஸ் திண்டிட்டன், அக்கா.”

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு,

“அது உன்ரை வழமைதானே. இனியாவது வாயைக் கழுவிப்போட்டு இரு” என்று சொல்லி வைத்துவிட்டார்.

லண்டன்காரர் எழுந்து பின்பக்கக் குழாயடிக்குப் போய்ச் சத்தமாகக் கொப்புளித்தார். அப்போது நான் மணி பார்த்தேன், பன்னிரண்டு பத்து. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மதிலடிக்குப் போய்க் கடைக்காரருக்குப் பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் சேர்ந்து கூப்பிட்டார்கள். அவருடைய குரல் பெரியது. நான்கு வீட்டுக் காகம் வந்திருக்கும். ஆனால் வந்தது ஒன்று. வடையை மட்டும் கவ்விக்கொண்டு போனது. அது போதும் என்றார் கடைக்காரர்.

கூழ் வந்தது. மீன் இல்லாத இடத்தைப் பலாக்கொட்டையும் புளியும் நிரப்பியிருந்தன. ஒடியல் மாவின் இலேசான கசப்பு வழமையில் நண்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், அன்றைக்கு அது முன்னால் வந்து நின்றது. அதிகாரி ஒரு சிரட்டை குடித்து இன்னொன்று கேட்டார். லண்டன்காரர் எத்தனை என்று நான் எண்ணவில்லை. சாம்பார் என்ற சொல் மறுபடி வரவில்லை.

ஆனால் காரியம் அத்தோடு முடியவில்லை. கை கழுவிய பிறகு அதிகாரி கொப்பியைத் திறந்து நேராகவே சொன்னார்.

“மிஸ், எனக்குப் பிடிச்சது. அது வேற விஷயம். ஆனா எங்க லிஸ்ட்ல நண்டுக் கூழ்னு போட்டுட்டு, வந்தவங்ககிட்ட இன்னைக்கு இல்லன்னு சொல்ல முடியாது. வான் நடத்துறவர் வருஷம் முழுக்க ஒரே சாப்பாடு தாறேன்னு எழுதித் தந்திருக்காரு.”

மனைவி அவசரப்படவில்லை. வகுப்பில் ஒரு கெட்டிக்கார மாணவியின் கேள்விக்கு நிற்பதுபோல் நின்றாள்.

“என்னாலை அப்பிடி எழுதித் தர ஏலாது. இந்தத் தம்பி அமாவாசையிலை மீன் சமைக்கமாட்டார். நான் சமைக்கச் சொல்லவும் மாட்டன். இண்டைக்கு நடந்த பிழை, முதலே சொல்லாதது. எந்தெந்த நாள் மீன் இல்லை எண்டு வருஷத் துவக்கத்திலையே நான் எழுதித் தாறன். நீங்கள் அதை அப்பிடியே அச்சடியுங்கோ. வாறவை தெரிஞ்சு வரட்டும். அதுக்குச் சம்மதமெண்டால் எடுங்கோ. இல்லையெண்டால் வானையே எடுங்கோ பிள்ளை, கோவமில்லை.”

அதிகாரி யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

பஸ்ஸில் யன்னலோரம் மனைவி, பக்கத்தில் நான், மடியில் வெறும் போத்தல்கள். கோண்டாவில் தாண்டும்வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“நீர் கோவமோ?” என்று கேட்டேன்.

“உங்களிலையோ? இல்லை. நிப்பாட்ட வேண்டி வந்தாலும் பரவாயில்லை எண்டு இப்ப கிடக்கு. இண்டைக்கு நல்ல நடை.” பிறகு, “ஏழரைக்கு எழுப்பி இதையோ கேக்கிறாய்” என்று லண்டன் அக்காவின் குரலில் சொல்லிச் சிரிக்கத் தொடங்கினாள். இணுவிலில் ஏறியவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பதில் வர ஒன்பது நாள் எடுத்தது. அந்த ஒன்பது நாளில் ஒரு குசினி அலுமாரி இறக்கப்பட்டது, பாதியில் திரும்ப அடுக்கப்பட்டது. பத்தாவது நாள் காலை அவள் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். அடுத்த மாதத்தில் இருந்து கிழமையில் இரண்டு நாள், செவ்வாயும் சனியும். மீன் இல்லாத நாட்களின் பட்டியலை இந்த வாரத்துக்குள் அனுப்ப வேண்டும், அந்த நாட்களில் மரக்கறிக் கூழ் என்று அவர்களே அச்சிடுவார்கள்.

அவள் குசினிக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணி இரண்டு கோப்பை வந்தது. என்னுடையதில் சீனி அனுமதிக்கப்பட்ட அளவைவிடக் கூட.

அன்று பின்னேரமே இரண்டு பஞ்சாங்கங்களையும் வாங்கிக்கொண்டு கூழ்க்கடைக்குப் போனேன். இந்த முறை கேட்காமல் எழுதுவதில்லை என்று தீர்மானம். மேசையில் இரண்டையும் விரித்து, தாளில் நாட்களுக்குக் கட்டம் கீறி, அவர் சொல்லச் சொல்ல வெட்டினேன். அமாவாசைகள், வாக்கியப்படி. கந்தசட்டி ஆறு நாள். நல்லூர்த் திருவிழா முடியும்வரை முழுவதும்.

“புரட்டாதிச் சனி எல்லாத்தையும் வெட்டுங்கோ, சேர்.”

வெட்டினேன்.

“செவ்வாயை வெட்டுங்கோ.”

“எந்தச் செவ்வாய்?”

“எல்லாச் செவ்வாயும். செவ்வாயும் வெள்ளியும் நான் மச்சம் தொடுறேல்லை. கோயிலுக்கு வைச்ச நேத்தி.”

“இவ்வளவு காலமும் சொல்லேல்லையே?”

“நீங்கள் செவ்வாயிலை வரேல்லையே.”

பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

“அப்ப நீர் எப்பதான் மீன் சமைக்கிறது?”

“மிச்ச நாளெல்லாம் மீன்தானே, சேர்” என்றார், நான் ஏன் கேட்கிறேன் என்று விளங்காதவராக.

மனைவிக்குப் போன் எடுத்தேன். அவள் கொழும்புக்கு எழுதினாள், செவ்வாய் வேண்டாம், புதன் தாருங்கள் என்று. அரைமணித்தியாலத்தில் சரி என்று வந்தது. புதன் என்றதும் கடைக்காரர் விரல் விட்டு ஒருமுறை எண்ணிப் பார்த்து, புதனில் தனக்கு ஒரு விரதமும் இல்லை என்று உறுதிப்படுத்தினார். அவருடைய சொல்லை மட்டும் நம்பாமல், அவருடைய மனைவிக்கும் போன் எடுத்துக் கேட்டுக்கொண்டேன்.

முதல் குழு ஒரு புதன்கிழமை வந்தது. ஒன்பது பேர். வாங்கும் பாணும் சொல்லி, ரோல்ஸ் தின்று, மாம்பழம் மணந்து, பன்னிரண்டே காலுக்குக் கூழ்க்கடைக்குள் போனோம். வாசலிலேயே மீன் மணத்தது. நண்டின் கால்கள் சட்டியின் விளிம்பால் எட்டிப் பார்த்தன. நான் வழமைபோல் வாசலில் குடையோடு நின்றேன்.

ஒன்பது பேருக்கும் ஊற்றி முடிந்த பிறகு மனைவி செருப்பைக் கழற்றி மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு, ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். நடை தொடங்கிய நாளில் இருந்து அந்தக் கடையில் அவள் இருந்து சாப்பிட்டு நான் கண்டதில்லை. ஆட்களுக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடி நின்றுகொண்டே இருப்பாள். அன்றைக்கு யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. சிரட்டையை இரண்டு கையாலும் பிடித்து ஊதி ஊதிக் குடித்து முடித்து, கடைக்காரரிடம் நீட்டினாள்.

“தம்பி, இன்னும் ஒரு அகப்பை விடும். நண்டோடை.”